ஏழரை வாட் எங்கே போச்சு? – ஆலிவர் ஹெவிசைடின் கதை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. ஹாஸ்டல் மெஸ், கேன்டீன் டீ, கல்ச்சுரல்ஸ், வார்டனுக்குப் பயந்து சுவர் ஏறிக் குதித்தது... இதையெல்லாம் எழுத ஏற்கெனவே நிறையப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்களாம். இன்ஜினீயரிங் காலேஜ் மலரில் இன்ஜினீயரிங் பற்றி எழுத ஒருத்தராவது வேண்டாமா என்று கேட்டார்கள். ஜூனியர் பிள்ளைகளும் படிப்பார்கள், கொஞ்சம் உருப்படியாக எழுதுங்கள் அண்ணா என்று ஒரு செல்ல மிரட்டல் வேறு. சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் கதையை ஆரம்பிக்க மறுபடியும் ஹாஸ்டல் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது நம் ஹாம் ரேடியோ கிளப்பில் ஒரு 2 மீட்டர் செட் இருந்தது. 144 மெகாஹெர்ட்ஸ், 10 வாட். செட் கீழே கிளப் அறையில். ஆன்டெனா மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. நடுவில் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். பென்சில் தடிமன்கூட இருக்காது. ஐப்பசி மழை நாள் ஒன்றில் புயல் காலப் பயிற்சி என்று சாயங்காலம் முழுக்க மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ 1.7 காட்டியது. இரண்டுக்குக் கீழே இருந்தால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அப்படித்தான் மனப்பாடம் செய்திருந்தோம். ஆகவே தப்பு எங்கள் மேல் இல்லை, ஊர்தான் தூங்குகிறது என்று முடிவு கட்டினோம்.

மறுநாள் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒருவர் மாடிக்கு ஏறிப் பார்த்தார். கனெக்டர் கழன்று கேபிளின் நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆன்டெனாவே இல்லாமல் ஒரு சாயங்காலம் பூராவும் பேசியிருக்கிறோம்! அது முதல் அவமானம். கனெக்டரை மாட்டுவதற்கு முன்னால் அவர் கேபிள் நுனியில் வாட் மீட்டரையும் டம்மி லோடையும் வைத்து, கீழே பட்டனை அழுத்தச் சொன்னார். மீட்டரில் வந்தது இரண்டரை வாட். கீழே கொடுத்தது 10. மிச்சம் ஏழரை எங்கேப்பா போச்சு என்று கேட்டார். ஏழரை என்றதும் எல்லாருக்கும் சிரிப்பு வந்ததே தவிர பதில் வரவில்லை. இரண்டாவது அவமானம் அது. ஈ.சி.ஈ. மூன்றாம் ஆண்டு, டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் பேப்பரில் எல்லாரும் பாஸ்.

பதிலைத் தேடிக்கொண்டு லைப்ரரிக்குப் போனபோதுதான் ஆலிவர் ஹெவிசைடு என்ற மனிதரிடம் வந்து சேர்ந்தேன். அதுவரை அவர் எனக்குக் கணக்கில் கவர்-அப் மெதட், சிக்னல்ஸ் பேப்பரில் யூனிட் ஸ்டெப், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குப் பின்னால், கல்லூரிப் படியையே மிதிக்காத, காது சரியாகக் கேட்காத, வாழ்நாளில் ஆறே ஆண்டு மட்டும் வேலை பார்த்த ஒரு தந்தி ஆபரேட்டர் இருக்கிறார் என்று எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

1850 மே 18. லண்டனில் காம்டன் டவுன் பகுதி. அப்பா தாமஸ், மரத்தில் படம் செதுக்கி அச்சுக்குக் கொடுப்பவர். போட்டோவை நேரடியாக அச்சிடும் முறைகள் வர வர அழிந்துபோன தொழில் அது. ஆகவே வீட்டில் காசு எப்போதும் இழுபறி. ஆலிவர் கடைசிப் பிள்ளை. சின்ன வயதில் ஸ்கார்லெட் ஜுரம் வந்து காது மந்தமாகிவிட்டது. பிறகு ஓரளவு தேறினாலும், தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியாமல் ஒதுங்கி வளர்ந்த குணம் கடைசி வரை போகவில்லை. 1865-ல் ஒரு பொதுத் தேர்வில் 500-க்கும் மேற்பட்டவர்களில் ஐந்தாம் இடம் வாங்கினார். ஜியாமெட்ரியில் மட்டும் கோட்டை விட்டார். 16 வயதோடு படிப்பு முடிந்தது. மேலே படிக்க வைக்க வசதி இல்லை.

ஒரே ஒரு அதிர்ஷ்டம், அம்மாவின் சகோதரியைக் கட்டியிருந்தவர் சர் சார்லஸ் வீட்ஸ்டன். தந்தி உலகின் பெரும் புள்ளி. லேபில் நாமெல்லாம் பாலன்ஸ் பண்ணிப் பண்ணி அலுத்துப்போன வீட்ஸ்டன் பிரிட்ஜ்காரர் இவரேதான் (அந்த பிரிட்ஜை முதலில் அமைத்தவர் சாமுவேல் கிறிஸ்டி, பெயர் மட்டும் வீட்ஸ்டனுக்குப் போய்விட்டது). சொந்தக்காரப் பையன்களைத் தந்தித் தொழிலில் சேர்த்துவிட அவரால் முடிந்தது. அண்ணன் ஆர்தர் நியூகாசிலில் தந்தி வேலைக்குப் போனார். ஆலிவர் 1868-ல் இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் இடையே கடலடி கேபிள் போட்ட கம்பெனியில் சேர்ந்தார். முதலில் டென்மார்க்கில் ஃப்ரெடரிசியா, அப்புறம் நியூகாசில்.

அங்கே ஒரு விசித்திரத்தைப் பார்க்கிறார். ஒரே கேபிள், ஒரே கருவிகள். ஆனால் ஒரு திசையில் தந்தியை வேகமாக அனுப்ப முடிகிறது; எதிர்த் திசையில் அதே வேகத்தில் அனுப்பினால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிவிடுகின்றன. மற்ற ஆபரேட்டர்கள் கேபிளின் குணம் அப்படி என்று விட்டுவிட்டார்கள். இந்தப் பையன் விடவில்லை. இரு கரைகளிலும் கேபிளோடு சேர்த்திருந்த தரைவழிக் கம்பிகளின் தடை சமமாக இல்லை, வித்தியாசம் அதனால்தான் என்று பின்னாளில் கணக்குப் போட்டே காட்டினார். கேபிளுக்குள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது. வாழ்நாள் முழுக்க விடவில்லை.

1873-ல், 22 வயதில், வீட்ஸ்டன் பிரிட்ஜை எப்படி அமைத்தால் மிக நுட்பமாக அளக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். பிற்பாடு கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனே பாராட்டினார். மாக்ஸ்வெல் தன் பெரிய புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் அதைக் குறிப்பிட்டார். 16 வயதில் பள்ளியை விட்ட பையனுக்கு இதைவிடப் பெரிய பட்டமளிப்பு விழா உண்டா? அந்த மாக்ஸ்வெல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஹெவிசைடுக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. புரிந்தே தீருவது என்று உட்கார்ந்தார். 1874-ல் வேலையை ராஜினாமா செய்தார். 24 வயது. அப்பா அம்மா வீட்டு மாடியில் ஓர் அறை, எண்ணெய் விளக்கு, பைப், ஜன்னலை இறுக மூடிய வெக்கை. அதன் பிறகு சாகும் வரை அவர் எந்த வேலைக்கும் போகவில்லை.

நம் வீட்டில் 24 வயதுப் பையன் நல்ல வேலையை விட்டுவிட்டு மாடியில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் என்ன பேச்சு வாங்குவான் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்களாம். அந்தப் பெற்றோருக்கு ஒரு கும்பிடு.

அந்த அறையில் நடந்ததைத்தான் நாம் இப்போது மூன்று செமஸ்டராகப் படிக்கிறோம். மாக்ஸ்வெல் 1865-ல் வெளியிட்ட கட்டுரையில் 20 சமன்பாடுகள் இருந்தன. அவற்றை 1884-85 வாக்கில் வெக்டர் மொழியில் சுருக்கி, இன்று நாம் டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்ளும் நாலு சமன்பாடுகளாகச் செய்தவர் ஹெவிசைடு. இம்பிடன்ஸ், இண்டக்டன்ஸ், கண்டக்டன்ஸ் என்ற வார்த்தைகளே அவர் வைத்த பெயர்கள். மின்சாரத்தின் சக்தி கம்பிக்குள்ளே தண்ணீர் மாதிரி ஓடவில்லை, கம்பிகளைச் சுற்றியுள்ள வெளியில் பயணம் செய்கிறது, கம்பி அதற்கு வழிகாட்டி மட்டும்தான் என்று பாயின்டிங்கைப் போலவே தனியாகக் கண்டுபிடித்தார். 1880-ல் ஒரு குழாய்க்குள்ளே இன்னொரு கம்பி என்ற கோஆக்சியல் அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கினார். எங்கள் மொட்டை மாடிக் கறுப்புக் கேபிளின் கொள்ளுத் தாத்தா அது.

இனி ஏழரை வாட்டுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். ஹெவிசைடின் வாழ்க்கையை உடைத்த சண்டையும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

கடலடி கேபிளைப் பற்றி அதற்கு முன் இருந்த கணக்கு தாம்சனுடையது (1854-55). கேபிளுக்கு இரண்டு குணங்கள் மட்டும் உண்டு என்று எடுத்துக்கொண்டது அது. ஒன்று கம்பியின் தடை, இன்னொன்று மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டன்ஸ். அந்தக் கணக்குப்படி கேபிளின் நீளம் இரண்டு மடங்கானால் சிக்னல் தாமதம் நாலு மடங்காகும். மெதுவாகத் தட்டும் தந்திக்கு அது சரிதான். ஹெவிசைடு 1876-ல் மூன்றாவதாக இண்டக்டன்ஸைச் சேர்த்தார். நாலாவது, காப்பு வழியாகக் கசியும் கசிவு. இந்த நாலும் சேர்ந்ததும் கேபிளில் ஓடுவது வெறும் கசிந்து பரவும் சமாச்சாரம் இல்லை, அலை என்று ஆகிவிட்டது. அலை என்றால் அது போய் முட்டித் திரும்பும். எதிரொலி உண்டு. அந்த எதிரொலிக்கும் அவர் கணக்கு எழுதினார்.

அலை போகப் போக எப்படித் தேய்கிறது? ஒவ்வொரு மீட்டரிலும் இத்தனை வாட் என்று நிலையான தொகை கழிவதில்லை. கையில் இருப்பதில் ஒரு பங்கு கழிகிறது. எங்கள் ஆர்ஜி-58 கேபிள் 144 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டருக்குப் பாதியைத் தின்னும். 10 வாட் கொடுத்தால் 15 மீட்டரில் ஐந்து. அப்படியானால் 30 மீட்டரில் ஒன்றுமே இருக்காது என்று நினைக்கக் கூடாது. மிச்சத்தில் பாதி, இரண்டரை. 45 மீட்டரில் ஒன்றேகால். வழியில் 15 மீட்டருக்கு ஒரு செக்போஸ்ட், ஒவ்வொன்றிலும் பையில் இருப்பதில் பாதியைப் பிடுங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பெருக்கிப் பெருக்கி எழுதுவது பெரும் தலைவலி. லாகரிதம் எடுத்துவிட்டால் பெருக்கல் கூட்டலாகிவிடும். பாதி என்பதை 3 டெசிபல் என்கிறோம். பத்தில் ஒன்று 10 டெசிபல். ஆகவே எங்கள் கேபிள் 15 மீட்டருக்கு 3 டெசிபல், 30 மீட்டருக்கு 6, அதையே 100 மீட்டர் இழுத்தால் 20. அதாவது நூறில் ஒரு பங்குதான் மேலே சேரும். டெசிபல் என்றால் அவ்வளவுதான் சார். ஏழரை வாட்டை யாரும் திருடவில்லை; 30 மீட்டர் கேபிளும் லேசாகச் சூடாகியிருக்கிறது.

மீட்டர் காட்டிய அந்த 1.7-க்கும் இதிலேயே விடை இருக்கிறது. மேலே போய்ச் சேர்ந்த இரண்டரை வாட் ஆன்டெனா இல்லாததால் அப்படியே முட்டித் திரும்பியது. திரும்பி வரும் வழியிலும் அதே 6 டெசிபல் வரி. கீழே வந்து சேர்ந்தது 0.6 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். 10 போய் 0.6 திரும்பினால் மீட்டருக்கு எல்லாம் சுபமாகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 1.67 வரும். கேபிள் எவ்வளவு மோசமோ அவ்வளவு அழகாக எஸ்.டபிள்யூ.ஆர். காட்டும்! மீட்டரை நம்பலாம், எங்கே வைத்து அளக்கிறோம் என்பதைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை.

இனி சண்டை. 1880-களில் டெலிபோன் பரவ ஆரம்பித்தது. தந்தியின் டக் டக் வேறு, மனிதக் குரல் வேறு. குரலில் தடித்த சுரமும் உண்டு, கீச்சுச் சுரமும் உண்டு. தடையும் கெப்பாசிட்டன்ஸும் மட்டும் ஆளும் கேபிளில் கீச்சுச் சுரங்கள் சீக்கிரம் ஓடுகின்றன, ஆனால் சீக்கிரமே செத்தும் போகின்றன. தடித்த சுரங்கள் பின்னால் தள்ளாடி வருகின்றன. சில மைல் போனதும் பேச்சு, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல் ஆகிவிடும். 1887-ல் ஹெவிசைடு இதற்கு மருந்து சொன்னார். இண்டக்டன்ஸைக் கூட்டுங்கள். நாலு குணங்களும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் அமைந்தால் (தடையை இண்டக்டன்ஸால் வகுத்தால் வருவதும், கசிவைக் கெப்பாசிட்டன்ஸால் வகுத்தால் வருவதும் சமமாக இருந்தால்) எல்லாச் சுரங்களும் ஒரே வேகத்தில் போகும், ஒரே அளவில் தேயும். குரல் சன்னமாகும், சிதையாது. அது மட்டுமல்ல, சாதாரணக் கேபிளில் இண்டக்டன்ஸைக் கூட்டினால் இழப்பே குறையும்.

கேட்டால் முரணாகத்தான் இருக்கிறது. மின்னோட்டத்தை எதிர்க்கும் சரக்கை இன்னும் சேர்த்தால் எப்படி இழப்பு குறையும்? வீட்டு ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். வெறும் பலகையைத் தள்ளிவிட்டால் நாலு ஆட்டத்தில் நின்றுவிடும். தாத்தா உட்கார்ந்திருக்கும்போது அதே வீச்சுக்குத் தள்ளிவிட்டால் (தள்ளுவது கஷ்டம், அது உண்மை) வெகு நேரம் ஆடும். உராய்வு தின்பது கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் கனத்தோடு ஒப்பிட்டால் அது சின்னப் பங்கு. இண்டக்டன்ஸ் கேபிளுக்கு அந்தக் கனம். மின்சாரக் கணக்கில் சொன்னால், இண்டக்டன்ஸ் கூடும்போது அதே சக்தியைக் குறைந்த கரண்டில் கொண்டுபோகலாம். தடையில் சூடாகி வீணாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது.

இதை யார் ஒப்புக்கொள்ள வேண்டும்? பிரிட்டிஷ் தபால் இலாகா. நம்மூர்ப் பழைய தபால் தந்தி இலாகா மாதிரி, தந்தியும் டெலிபோனும் அவர்கள் கையில். அங்கே மின் பொறியாளர்களில் முதல்வராக இருந்தவர் வில்லியம் ஹென்றி பிரீஸ். செல்வாக்கான மனிதர், நல்ல பேச்சாளர், கணக்கு மட்டும் ஆகாது. இண்டக்டன்ஸ்தான் டெலிபோனுக்கு எமன், அதை ஒழிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதே 1887-ல் அண்ணன் ஆர்தரும் ஆலிவரும் சேர்ந்து டெலிபோன் இணைப்பு பற்றி ஒரு கட்டுரை தயாரித்தார்கள். ஆர்தர் தபால் இலாகா ஊழியர். மேலதிகாரி பிரீஸின் அனுமதி வேண்டும். பிரீஸ் அனுமதி மறுத்தார். கட்டுரை முடங்கியது. எலக்ட்ரீஷியன் என்ற வாரப் பத்திரிகையில் ஹெவிசைடு ஆண்டுக்கு 40 பவுனுக்குத் தொடர் எழுதிவந்தார். அந்த ஆண்டே அவருக்கு இடம் கொடுத்துவந்த ஆசிரியர் பிக்ஸ் பதவியிலிருந்து போனார். புதிதாக வந்தவர் தொடரை நிறுத்தினார். ஹெவிசைடின் கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை என்பது சொல்லப்பட்ட காரணம்.

உண்மையைச் சொன்னால் அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஹெவிசைடின் எழுத்து சாமானியத்தில் உள்ளே விடாது. தானே கண்டுபிடித்த குறியீடுகள், படிகளைத் தாண்டித் தாண்டிப் போகும் கணக்கு, நடுநடுவே பிரீஸைக் குத்தும் கிண்டல். பிரீஸையும் ஒரேயடியாக வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. 1896-ல் மார்க்கோனி என்ற 21 வயது இத்தாலியப் பையன் பெட்டியோடு லண்டனில் வந்து இறங்கியபோது அவனைக் கைதூக்கி விட்டவர் இதே பிரீஸ்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது அநியாயம். தன்னைவிட விஷயம் தெரிந்த ஒருவரின் வாயை அதிகாரத்தால் அடைத்தார். வேலையில் சேர்ந்து பத்து வருஷம் ஆன நம்மில் பலர் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்திருப்போம்.

அடுத்த ஆண்டே காற்று திசை மாறியது. 1888-ல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலையைச் சோதனையில் காட்டிவிட்டார். இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் கம்பி வழி அலைகளைக் காட்டினார். அலை, எதிரொலி என்று ஹெவிசைடு எழுதியதெல்லாம் திடீரென்று எல்லாருக்கும் தேவைப்பட்டது. 1889 தொடக்கத்தில் மின் பொறியாளர் சங்கத் தலைவராக உரையாற்றிய தாம்சன் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். 1891-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். ஆனால் கையில் காசு? 1889-லேயே பெற்றோரோடு டெவன் கடற்கரையில் பெயிண்டன் என்ற ஊருக்குப் போய், இன்னொரு அண்ணன் சார்லஸின் இசைக்கருவிக் கடை மாடியில் குடியிருந்தார். நண்பர்கள் உதவித் தொகைக்கு ஏற்பாடு செய்தபோது தர்மம் வேண்டாம் என்று 1894-ல் மறுத்தார். 1896-ல் அரசு கொடுத்த ஆண்டுக்கு 120 பவுன் பென்ஷனை, அது திறமைக்கான மரியாதை என்று பக்குவமாக எடுத்துச் சொன்ன பிறகே வாங்கிக்கொண்டார்.

இண்டக்டன்ஸ் கதைக்கு முடிவு அமெரிக்காவில் வந்தது. கேபிளில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் காயில்களைச் செருகினால் போதும் என்று ஹெவிசைடு 1893-லேயே எழுதியிருந்தார். காப்புரிமை எடுக்கவில்லை. எத்தனை தூரத்துக்கு ஒரு காயில் என்ற கணக்கை ஏ.டி.அண்ட்.டி. கம்பெனியின் காம்ப்பெல்லும் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் பூப்பினும் தனித்தனியே போட்டார்கள். காப்புரிமை 1900-ல் பூப்பினுக்குக் கிடைத்தது. அதற்காக அந்தக் கம்பெனி அவருக்குக் கொடுத்தது மொத்தம் 4 லட்சம் டாலருக்கு மேல். காயில்கள் உலகம் முழுக்கப் போயின. 1915-ல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பேசிய முதல் லைனிலும் அவை இருந்தன. (டெலிபோன் துறையில் இருக்கும் நம் நண்பர்களுக்கு ஒரு கொசுறு: அதே லோடிங் காயில் பழைய லைனில் இருந்தால் டி.எஸ்.எல். பிராட்பேண்ட் வராது. பேச்சுக்கு மேற்பட்ட அலைவரிசையை அது அடைத்துவிடும். அதைத் தேடிப் பிடித்துக் கழற்ற வேண்டும்.) ஹெவிசைடுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை.

டெசிபலின் பிறப்பும் இந்த டெலிபோன் லைனில்தான். அமெரிக்க இன்ஜினீயர்கள் இழப்பை மைல் கணக்கில் சொல்லிவந்தார்கள். ஒரு மைலுக்கு 88 ஓம் தடையும் 0.054 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டன்ஸும் உள்ள கேபிளை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இந்த இணைப்பின் இழப்பு இத்தனை மைல் கேபிளுக்குச் சமம் என்பார்கள். வெங்காயத்தைக் கல்லை வைத்து நிறுப்பது போல. தொல்லை என்னவென்றால், சுரம் மாறினால் கல்லின் எடையே மாறிவிடும். ஆகவே 1924-ல் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் விகிதத்தின் லாகரிதத்தையே அலகாக்கினார்கள். ஆனாலும் பழகிய கைக்கு வித்தியாசம் தெரியாதபடி, பழைய ஒரு மைல் புதிய ஒரு அலகுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வரும்படி பார்த்துக்கொண்டார்கள். கேபிள் கணக்குத் தெரிந்த ஜூனியர்கள் அந்த 88-ஐயும் 0.054-ஐயும் போட்டு 800 ஹெர்ட்ஸுக்குப் பாருங்கள், 0.95 டெசிபல் வரும். 1928-ல் அந்த அலகுக்கு கிரஹாம் பெல்லின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். பெல் என்பது பெரிதாக இருந்ததால் அதில் பத்தில் ஒன்று, டெசிபல். பூப்பினுக்குப் பணம், பெல்லுக்குப் பெயர். ஹெவிசைடுக்கு வானத்தில் ஓர் இடம் கிடைத்தது. அதைச் சொல்கிறேன்.

1901 டிசம்பர் 12. இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய சிக்னலை அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். ஒளி போல நேர்கோட்டில் போக வேண்டிய அலை பூமியின் வளைவைத் தாண்டி எப்படிப் போனது? மேலே காற்றில் மின்சாரம் கடத்தும் ஓர் அடுக்கு இருக்கலாம், அலை அதற்கும் கடலுக்கும் இடையில் பிடிபட்டு ஓடலாம் என்று 1902-ல் இருவர் தனித்தனியே சொன்னார்கள். ஒருவர் அமெரிக்காவில் ஆர்தர் கென்னலி. இன்னொருவர் ஹெவிசைடு, பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய தந்தி பற்றிய கட்டுரையில், போகிற போக்கில் ஒரு சில வரிகள். அவருக்கு அதுவும் ஒரு டிரான்ஸ்மிஷன் லைன்தான். கீழே கடல் ஒரு கம்பி, மேலே அந்த அடுக்கு இன்னொரு கம்பி!

இங்கேதான் நம் ஹாம் ஜாதி உள்ளே நுழைகிறது. நீண்ட தூரத்துக்கு உதவாது என்று 200 மீட்டருக்குக் கீழ்ப்பட்ட அலைகளை அமெச்சூர்களுக்கு ஒதுக்கித் தள்ளியிருந்த காலம் அது. 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னல்கள் ஸ்காட்லாந்தில் ஆர்ட்ராசனில் கேட்டன. 1923 நவம்பரில் பிரான்சில் லியான் டெலாயும் அமெரிக்காவில் ஷ்னெலும் 100 மீட்டரை ஒட்டிய அலையில் அட்லாண்டிக்குக்குக் குறுக்கே இருவழியிலும் பேசிவிட்டார்கள். மேலே ஏதோ இருக்கிறது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 1924 டிசம்பரில் ஆப்பிள்டனும் பார்னெட்டும் போர்ன்மவுத்தில் இருந்த பி.பி.சி. நிலையத்தின் அலையை வைத்து அந்த அடுக்கிலிருந்து வரும் எதிரொலியை அளந்தார்கள். உயரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஹெவிசைடு அடுக்கு என்றே பல காலம் அழைத்தார்கள். இப்போது ஈ அடுக்கு என்கிறோம்.

அந்த நேரத்தில் ஹெவிசைடு டார்க்கி என்ற ஊரில், ஒரு குன்றின் மேலுள்ள வீட்டில், ஒண்டியாக இருந்தார். 1908-ல் அங்கே குடிபோனது அண்ணியின் தங்கை மேரி வே என்பவரோடு. அந்த அம்மாளை அவர் வீட்டிலேயே வைத்துப் பாடாய்ப் படுத்தினார், 1916-ல் அவரும் போய்விட்டார். மேதை என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு கேஸ் கம்பெனியோடு ஓயாத பில் தகராறு, கேஸைத் துண்டித்துவிட்டார்கள். குளிருக்குப் போர்வை மேல் போர்வை. தெருப் பையன்கள் ஜன்னலில் கல்லெறிந்தார்கள். கடிதங்களில் பெயருக்குப் பின்னால் புழு என்று பொருள்படும் நாலு ஆங்கில எழுத்துகளைப் பட்டம் போலப் போட்டுக்கொண்டார். 1922-ல் மின் பொறியாளர் சங்கம் தன் முதல் ஃபாரடே பதக்கத்தை அவருக்குக் கொடுத்தபோது, அவர் லண்டன் வரமாட்டார் என்பதால் சங்கத் தலைவரே டார்க்கிக்கு எடுத்துக்கொண்டு போனார். கேம்பிரிட்ஜிலிருந்து சியர்ல் என்ற பேராசிரியர் மட்டும் மனைவியோடு விடாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்படி ஒரு நண்பர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

1925 ஜனவரியில் ஏணியிலிருந்து விழுந்தார். பிப்ரவரி 3 அன்று மருத்துவ விடுதியில் இறந்தார். வயது 74. பெயிண்டனில் பெற்றோரின் கல்லறையிலேயே அடக்கம். ஆப்பிள்டனின் கட்டுரை அச்சில் வந்தது மார்ச் 7. ஆப்பிள்டனுக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஜூனியர் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி. ஆர்ஜி-58 ஓய்வு பெற்றுவிட்டது. எங்கள் செட்டைச் சேர்ந்த நாலைந்து பேர் காசு போட்டு ஆர்ஜி-213 வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதே 30 மீட்டருக்கு 144 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 6-க்குப் பதில் சுமார் இரண்டே முக்கால் டெசிபல். 10 வாட் கொடுத்தால் ஐந்து வாட்டுக்கு மேல் மாடிக்கு வரும். எதிர்முனையில் கேட்பவருக்கு எஸ் மீட்டரில் அரைப் புள்ளிதான் கூடும் என்பது வாஸ்தவம். ஆனால் மழை நாளில் இரைச்சலுக்குள் பாதி மூழ்கிய குரலுக்கு அந்த அரைப் புள்ளி போதும். பழைய கேபிளையும் தூக்கிப் போட வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதே 30 மீட்டருக்கு இழப்பு 1.3 டெசிபல்தான்; அலைவரிசை குறைந்தால் கம்பியின் மேல்தோலில் மட்டும் கரண்டு நெருக்கியடித்து ஓடும் தொல்லையும் குறையும். (அதையும் 1885-லேயே எழுதியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) சங்கமம் அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளப் அறை திறந்திருக்கும். வாட் மீட்டரை மாடிக்கு எடுத்துப் போய் யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். மறுபடி ஏழரை வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கீழே சாப்பாட்டுப் பந்தலில்தான் இருப்பேன்.